டைவ் லைட் பெட்டியில் உள்ள லூமெனும் மணி நேரமும் நிஜமா? வாளித் தண்ணீரில் சோதிப்பது எப்படி

டைவ் லைட், அதாவது கடலுக்கடியில் டைவிங் போகிறவர்கள் கொண்டுபோகிற டார்ச், வருகிற பெட்டிகளில் மூன்று எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கும்: 10,000 லூமென் (லைட் தருகிற மொத்த வெளிச்சம்), 3 மணி நேரம், 100 மீட்டர் ஆழம். திறந்து பார்த்தால் உள்ளே 18650 என்கிற ரீசார்ஜ் செல் ஒரே ஒன்று. ஆழத்தை விடுங்கள், அது வேறு கதை. முதல் இரண்டு எண்களும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை என்பதைக் கடையில் நின்றபடியே போன் கால்குலேட்டரை வைத்துச் சொல்லிவிடலாம். பெங்களூரிலிருந்து கர்நாடகக் கடலோரத்து நேத்ராணித் தீவு, புதுச்சேரி, அந்தமான் என்று டைவிங் போகிற நம்மாட்கள் பலர் ஆன்லைனிலோ பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டிலோ ஒரு லைட்டை வாங்கிவிட்டு, தண்ணீருக்குள் பாதியில் மங்கிப்போனதும் "பேட்டரி சரியில்லை" என்கிறார்கள். பேட்டரி பாவம், தன்னால் முடிந்ததைச் செய்திருக்கும். புளுகியது பெட்டி.

கணக்கு இதுதான். லூமெனை மணி நேரத்தால் பெருக்குங்கள், 100ஆல் வகுங்கள். வருவதுதான் அந்த லைட்டுக்குத் தேவையான பேட்டரி, வாட் அவரில், அதாவது பேட்டரி தேக்கி வைக்கிற மின்சக்தியின் அளவில். இந்த 100 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு வாட் மின்சாரத்துக்கு லைட்டின் கண்ணாடி வழியாக வெளியே வருகிற வெளிச்சம், எல்இடியின் இழப்பு, சர்க்யூட்டின் இழப்பு, லென்ஸின் இழப்பு எல்லாம் போக, முழு பவரில் சுமார் 100 லூமென். ரொம்ப நல்ல லைட் என்றால் 120, 130 வரை போகலாம், மட்டமானது 70க்கே திணறும். 100 என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்கும் சுலபம்.

இப்போது பேட்டரிப் பக்கம் வாருங்கள். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவு டப்பாவுக்குள் இன்றைக்கு நல்ல கம்பெனிகள் அடைக்கிற கொள்ளளவு சுமார் 3,500 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் அவர்). ஆயிரத்தால் வகுத்து 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் அவர். அதாவது ஒற்றை 18650 போட்ட லைட் தோராயமாக 1,250 லூமெனை ஒரு மணி நேரம் தரலாம், அல்லது 2,500 லூமெனை அரை மணி நேரம். அதற்கு மேல் எவ்வளவு சொன்னாலும் காதில் பூ. சற்றுப் பெரிய 21700 செல் 5,000 எம்ஏஹெச், 18 வாட் அவர். 26650 செல்லும் ஏறக்குறைய அதே அளவுதான், கொஞ்சம் கூடலாம். மேலே சொன்ன 10,000 லூமென் 3 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 300 வாட் அவர் வருகிறது, அதாவது 18650 செல்லில் 24. செல்களின் எடை மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு விமானத்திலும் ஏற முடியாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எம்ஏஹெச் எண்ணில் இன்னொரு தில்லுமுல்லு உண்டு. மூன்று செல் இருக்கிற லைட்டுக்கு 10,500 எம்ஏஹெச் என்று போடுவார்கள், 3.6 வோல்ட்டில் அது சரி. ஆனால் உள்ளே செல்களைத் தொடராக இணைத்திருந்தால் கொள்ளளவு 3,500தான், வோல்ட்டேஜ்தான் மூன்று மடங்கு. ஒருத்தர் ஒரு மாதிரியும் இன்னொருத்தர் வேறு மாதிரியும் போடுவதால் எம்ஏஹெச்சை வைத்து இரண்டு லைட்டை ஒப்பிடவே கூடாது. வாட் அவருக்கு மாற்றிவிட்டால் எப்படி இணைத்திருந்தாலும் ஒரே விடைதான்.

இதையும் மீறி 18650 செல்லின் மேலேயே 9,900 எம்ஏஹெச் என்று அச்சடித்து விற்கிறார்கள். அப்படி ஒரு செல்லை இன்று வரை யாரும் தயாரிக்கவில்லை. இதைப் பிடிக்கத் தராசு போதும். நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் லைட்டோடு வந்த செல்லைப் பையிலிருந்த சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தேன், 31 கிராம். கடைக்காரர் தமிழர்தான், திருப்பத்தூர்ப் பக்கம். "என்ன சார், நகைக்கடை மாதிரி எடை போடுறீங்க" என்று சிரித்தார். "அண்ணா, இதுல 9,900ன்னு போட்டிருக்கே" என்றேன். "அது ஸ்டிக்கர் சார். வெளிச்சத்தப் பாருங்க" என்று என் முகத்துக்கு நேராகவே அடித்தார். ஸ்டிக்கர் என்று ஒத்துக்கொண்டாரே, அந்த மட்டும் நேர்மையான மனிதர். செல் இல்லாமல் லைட்டை மட்டும் கொடுங்கள் என்று விலை பேசிவிட்டு, செல்லை நம்பகமான இடத்தில் தனியாக வாங்கிப் போடுவது பல நேரம் நல்ல வழி. எடை சரியாக இருந்தாலும் கொள்ளளவு சரி என்று ஆகிவிடாது. அதற்கு லிட்டோகாலா லீ-500 மாதிரி, செல்லை முழுக்க ஏற்றி, இறக்கி, திரும்ப ஏற்றி எவ்வளவு எம்ஏஹெச் வந்தது என்று காட்டுகிற சார்ஜர் ஒன்று வாங்கிவிடலாம். செல்லைக் கழற்ற முடியாத லைட் என்றால் யுஎஸ்பி மீட்டரைச் சார்ஜர் வயருக்கு நடுவில் செருகி, காலியான நிலையிலிருந்து நிறையும் வரை எத்தனை வாட் அவர் உள்ளே போனது என்று பாருங்கள். போனதில் முக்கால் பங்கிலிருந்து 85 சதவீதம் வரைதான் பேட்டரியில் தங்கும், மீதி சூடாகப் போய்விடும்.

சரி, லூமென் எண்ணை எங்கிருந்து பிடிக்கிறார்கள்? பெரும்பாலும் எல்இடி தயாரித்த கம்பெனியின் தகவல் தாளிலிருந்து. உதாரணத்துக்கு, டைவ் லைட்களில் நிறையப் பார்த்த க்ரீ எக்ஸ்எம்-எல்2 எல்இடி, 10 வாட்டில், 25 டிகிரி வெப்பத்தில், சுமார் 1,200 லூமென் தரும் என்று அதன் தாள் சொல்கிறது. லைட்டில் ஆறு எல்இடி இருந்தால் ஆறால் பெருக்கி 7,200 என்று போட்டுவிடுவார்கள், கொஞ்சம் தைரியசாலிகள் 12,000 என்பார்கள். நிஜத்தில் எல்இடி எரியத் தொடங்கியதும் 25 டிகிரியில் நிற்காது, சூடேறினால் வெளிச்சம் குறையும், அப்புறம் ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் தங்கள் பங்குக்கு 10 முதல் 25 சதவீதம் வரை விழுங்கும். ஆகவே எல்இடியின் பெயரும் எண்ணிக்கையும் தெரிந்தால் அதுவே உச்சவரம்பு, அதில் முக்கால் பங்கை நம்பலாம்.

ஒழுங்காக அளக்கிற கம்பெனிகள் ஆன்சி எஃப்எல்-1 என்கிற தரத்தைக் குறிப்பிடும். 2009இல் வந்தது, டார்ச்லைட்டுகளுக்கான பொது அளவுகோல். அதன்படி லைட்டைப் போட்டு 30 விநாடிக்குப் பிறகு, இரண்டு நிமிடத்துக்குள் வெளிச்சத்தை அளக்க வேண்டும், போட்ட கணத்தில் அடிக்கிற பளிச்சை எழுதக்கூடாது. இது நல்லது. ஆனால் எரியும் நேரத்துக்கு அதில் ஒரு பெரிய சந்து இருக்கிறது: வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதமாக விழும் வரைக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 1,000 லூமென் லைட் அரை மணி நேரத்தில் 300க்கு இறங்கி, பிறகு இரண்டு மணி நேரம் மினுக்கிக்கொண்டு கிடந்து 100க்கு வந்தாலும் "1,000 லூமென், இரண்டரை மணி நேரம்" என்று எழுத உரிமை உண்டு. தரமே பார்க்காதவர்கள் இன்னும் ஒரு படி மேலே, லூமெனை ஹை மோடிலிருந்தும் நேரத்தை லோ மோடிலிருந்தும் எடுத்து மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள்.

டைவருக்கு வேண்டியது 10 சதவீதம் வரைக்குமான நேரம் இல்லை, பாதியாகிற வரைக்குமான நேரம். அதை எந்தப் பெட்டியிலும் பார்ப்பது அபூர்வம். நாமே அளந்துகொள்வதுதான் வழி.

இதைத் தண்ணீருக்கு வெளியே வைத்து அளக்காதீர்கள். டைவ் லைட்டின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீர் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்தது. காற்றில் முழு பவரில் விட்டால் சில நிமிடங்களில் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். நல்ல லைட் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும், அப்போது எரியும் நேரம் பொய்யாக நீளும். அந்தப் பாதுகாப்பு இல்லாத லைட் எல்இடியையே பொசுக்கிக்கொள்ளும். அதனால் பாத்ரூம் வாளிதான் நம்முடைய பரிசோதனைக்கூடம். 15 லிட்டர் தண்ணீர் போதுமா என்று சந்தேகம் வரும். 20 வாட் லைட் ஒரு மணி நேரம் முழுக்க எரிந்தாலும் அந்தத் தண்ணீரின் வெப்பம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும், தாராளமாகப் போதும்.

வெள்ளை டைல்ஸ் போட்ட பாத்ரூம் இதற்கு அமைந்த இடம், வெளிச்சம் எல்லாப் பக்கமும் பட்டுத் தெறித்துச் சமமாகப் பரவும். ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஓட்டையையும் துணியால் அடைத்துவிடுங்கள், அல்லது ராத்திரி செய்யுங்கள். லைட்டின் ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையம்) முடி, மணல் எதுவும் இல்லை என்று பார்த்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவி மூடி, முழுக்கச் சார்ஜ் ஆனதை உறுதி செய்துகொண்டு, வாளிக்குள் கண்ணாடி மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். சாயத்தான் பார்க்கும். ஒரு எவர்சில்வர் சொம்பை உள்ளே இறக்கி அதில் செருகி வைத்தால் அசையாமல் நிற்கும். கண்ணாடிக்கு மேலே நாலு விரல் தண்ணீராவது இருக்கட்டும், கண்ணாடியில் ஒட்டிய காற்றுக் குமிழியை விரலால் தட்டிவிடுங்கள். போனை ஸ்டூலில் படுக்க வைத்து, லக்ஸ், அதாவது ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சம், அளக்கிற இலவச ஆப் ஏதாவது ஒன்றைத் திறங்கள். லைட்டின் ஒளி நேராகப் போன் மேல் படக்கூடாது, கூரையில் பட்டு வருகிறதுதான் பட வேண்டும். ஆண்ட்ராய்டு போன் என்றால் காதுப் பக்க ஸ்பீக்கர் அருகில் இருக்கும் ஒளி சென்சாரையே ஆப் படிக்கும். ஐபோனில் அந்தச் சென்சாரை ஆப்களுக்குத் திறந்துவிடவில்லை, கேமராவை வைத்துத்தான் கணிக்கும், எக்ஸ்போஷர் தானாக மாறுவதால் எண்கள் கொஞ்சம் அலைபாயும். வீட்டில் ஆண்ட்ராய்டு இருந்தால் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்துக்குப் பாத்ரூம் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

லைட்டைப் போட்டு 30 விநாடி கழித்து முதல் எண்ணைக் குறியுங்கள். அதுதான் 100 சதவீதம். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். இரண்டு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு லைட்டை நான் வாளியில் வைத்தபோது, தொடக்கத்தில் 112 லக்ஸ். 20ஆவது நிமிடத்தில் 95, 40ஆவது நிமிடத்தில் 70, 55ஆவது நிமிடத்தில் 55, அதாவது பாதிக்கும் கீழே. இரண்டு மணி நேரம் முடிந்தபோதும் 12 லக்ஸ் காட்டிக்கொண்டு எரிந்தது. சட்டப்படி பெட்டி பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

எண்களைவிட அவை இறங்குகிற விதம் முக்கியம். மேலே சொன்ன லைட் மாதிரி மெதுமெதுவாக இறங்கினால், எல்இடிக்குப் போகிற கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் உள்ளே இல்லை, அல்லது பேருக்கு இருக்கிறது என்று அர்த்தம், செல்லின் வோல்ட்டேஜ் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். ஒரே மட்டத்தில் நீளமாக ஓடிக் கடைசியில் சட்டென்று விழுந்தால் நல்ல சர்க்யூட். வீடியோ எடுப்பவர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஆனால் இரவு டைவுக்கு அதில் ஓர் ஆபத்து, முன்னறிவிப்பு இல்லாமல் அணைந்துவிடும். அதனால் விழுவதற்கு எத்தனை நிமிடம் முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறது அல்லது கண் சிமிட்டுகிறது என்பதையும் வாளியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சில லைட்டுகள் மூன்றாவது வகை, மூன்றே நிமிடம் முழு பவர், பிறகு தண்ணீருக்குள் இருந்தாலும் தானாகப் பாதிக்கு இறங்கிவிடும். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காகவே செய்தது. இந்த மாதிரியைக் கண்ணால் பிடிக்க முடியாது, கண் குறைகிற வெளிச்சத்துக்குப் பழகிக்கொண்டே வரும். இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு லூமென் வேண்டும். 1,000 லூமெனுக்கும் 1,300 லூமெனுக்கும் நடுவில் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பதும் இதே காரணத்தால்தான்.

லூமென் எத்தனை என்று ஓரளவு தெரிய வேண்டுமானால் அதே பாத்ரூம், அதே போன், அதே இடம். நம்பகமான கம்பெனியின் டார்ச் ஒன்று யாரிடமாவது இருக்கும், அது 500 லூமென் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கூரையை நோக்கி வைத்து 30 விநாடி கழித்துப் பார்த்தால் 60 லக்ஸ் என்கிறது போன். புது லைட் அதே இடத்தில் 140 காட்டினால் 140ஐ 60ஆல் வகுத்து 500ஆல் பெருக்குங்கள், சுமார் 1,170 லூமென். இது 30 விநாடி வேலை, வாளி தேவையில்லை. போனின் லக்ஸ் எண் தனியாகப் பார்த்தால் தப்பாக இருக்கலாம், இரண்டுக்கும் உள்ள விகிதம் பரவாயில்லாமல் வரும். அகலமான ஒளி அடிக்கிற லைட்டையும் குறுகலாக அடிக்கிற லைட்டையும் இப்படி ஒப்பிட்டால் 20 சதவீதம் வரை பிசகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 5,000 என்று போட்டு 1,170 வருகிற இடத்தில் அந்தப் பிசகு ஒரு பொருட்டா?

லூமெனைப் பிடித்துவிட்டாலும் தண்ணீருக்குள் எவ்வளவு தெரியும் என்பது வேறு கேள்வி. ஹோஸ் பைப்பில் தண்ணீர் அதே அளவு வந்தாலும் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தூரம் போகிறதே, அதுபோல லூமென் மொத்த வெளிச்சம், ஓர் இடத்தில் விழுவது லக்ஸ். 3,000 லூமென் வீடியோ லைட் 120 டிகிரி அகலத்துக்கு ஒளியைப் பரப்பினால் ஒரு மீட்டர் தூரத்தில் சராசரியாக 950 லக்ஸ்தான் விழும். 1,000 லூமெனை 10 டிகிரிக்குள் குவிக்கிற லைட்டில், பாதி வெளிச்சம் ஓரமாகச் சிதறினாலும், நடுவில் அதே தூரத்தில் 20,000 லக்ஸ். பாறை இடுக்கில் எட்டிப் பார்க்கவும், கூட வருகிற ஜோடி டைவருக்கு சிக்னல் காட்டவும் இதுதான் உதவும், 3,000 லூமென் காரர் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். குவிகிற லைட்டை அளக்க வேண்டுமானால் இருட்டான மொட்டை மாடியிலோ பார்க்கிங்கிலோ 5 மீட்டர் தள்ளி நின்று போனின் சென்சார் மேல் நடு ஒளியை அடித்து, வருகிற லக்ஸை 25ஆல் பெருக்குங்கள், அதுதான் காண்டெலா, ஒரு திசையில் ஒளி எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு. ஒரு மீட்டர் தூரத்து லக்ஸும் அதே எண்தான். பெட்டியில் 300 மீட்டர் பாயும் என்று போட்டிருப்பது காற்றுக்கான கணக்கு, அதுவும் முழுநிலா வெளிச்சம் அளவுக்குக் கால் லக்ஸ் விழுகிற தூரம். கடலில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

அகலத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தட்டையான கண்ணாடி போட்ட லைட்டில் 120 டிகிரி என்று இருந்தால் அது காற்றில். தண்ணீருக்குள் ஒளி வளைவதால் அது சுமார் 80 டிகிரியாகச் சுருங்கும். பெட்டியில் எது என்று போட்டிருக்காவிட்டால் காற்றுக் கணக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கின தண்ணீரில் அகலமான ஒளி மிதக்கிற தூசி எல்லாவற்றையும் ஏற்றி முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை போட்டுவிடும், புதுச்சேரியில் தெளிவில்லாத நாளில் இறங்கியவர்களுக்குத் தெரியும். போட்டோ, வீடியோ ஆசை இல்லாதவர்கள் குறுகலான ஒளியையே வாங்குங்கள். வீடியோக்காரர்கள் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்கிற எண்) 90க்கு மேல் பாருங்கள், சிவப்பு சிவப்பாகத் தெரியும். அதற்குக் கொஞ்சம் லூமென் குறையும், அது ஏமாற்று இல்லை.

வாளியில் பாதியாகிற நேரம் கிடைத்துவிட்டதா? உங்கள் டைவ் 50 நிமிடம் என்றால் அந்த நேரம் 75 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. நம் கடல் தண்ணீர் வெதுவெதுப்பானது, குளிரில் பேட்டரி சுருங்குகிற பிரச்சினை இல்லை, ஆனால் வயதாகிற பிரச்சினை இருக்கிறது. லித்தியம் செல் 300 முதல் 500 தடவை ஏற்றி இறக்கினால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும், சும்மா கிடந்தாலும் கொஞ்சம் போகும். மழைக்காலத்தில் நேத்ராணியில் டைவிங் கிடையாது, லைட் அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கும். அப்போது முழுச் சார்ஜோடு வைக்காமல் பாதி அளவில், மல்டிமீட்டரில் 3.7, 3.8 வோல்ட் காட்டுகிற நிலையில், செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். அக்டோபரில் சீசன் தொடங்கும் முன் இன்னொரு முறை வாளி. இரவு டைவுக்கு எடுத்துப் போகிற இரண்டாவது லைட்டையும் அப்போதே சேர்த்து வையுங்கள், மெயின் லைட்டை மட்டும் சோதித்துவிட்டு பேக்கப் லைட்டை வருஷக்கணக்கில் தொடாதவர்கள்தான் அதிகம். சோதனை முடிந்ததும் துடைத்து வையுங்கள், போர்வெல் தண்ணீர் என்றால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் பிடிக்கும்.

வாளியிலோ கடலிலோ தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். ஈரம் பட்ட செல் வாயுவை வெளியேற்றும், மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறியிருக்கும், மூடி தோட்டா மாதிரி தெறித்தவை உண்டு. முகத்தையும் மற்றவர்களையும் விட்டு விலக்கிப் பிடித்து, மரையை மெதுவாகத் தளர்த்துங்கள்.

விமானத்தில் அந்தமான் போகிறவர்களுக்கு: டைவ் லைட்டை விமான விதிகள் அதிகச் சூடு கிளப்பும் சாதனம் என்று தனியாகவே வகைப்படுத்துகின்றன, பையில் தானாக ஆன் ஆகிவிட்டால் தீப்பிடிக்கலாம் என்பதால். ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, செல்லைக் கழற்றி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள், உதிரி செல்கள் செக்-இன் பையில் போகவே கூடாது. ஒரு பேட்டரி 100 வாட் அவர் வரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை ஏர்லைன்ஸ் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. செல்லின் மேல் வாட் அவர் அச்சிடாமல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திக் கேட்பார்கள், எம்ஏஹெச்சை ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்கிச் சொல்லுங்கள். 9,900 ஸ்டிக்கரோடு போனால் அதையும் சேர்த்து விளக்க வேண்டியிருக்கும்.